ஜாடிக்குள் அடங்காத பார்சல்

நான் கட்டிய ஒரு பார்சல் ஸ்வீடன் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை எட்டு நாள் ஆட்டிப்படைத்தது. இதை எங்கே சொன்னாலும் என் தங்கை மகள் மீனா குறுக்கே வந்து, பல்கலைக்கழகம் இல்லை, ஒரே ஒரு வகுப்புதான் என்று திருத்துவாள். திருத்தட்டும். அவள் படித்தவள், அளந்து பேசுவாள். நான் கள்ளக்குறிச்சித் தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து, ஊரார் சாமானை நிறுத்து நிறுத்துச் சலித்தவன். ஓய்வு பெற்ற அன்றே தராசை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எதையும் கொஞ்சம் கூடவே போட்டுத்தான் கொடுக்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் கல்வராயன் மலையில் இருக்கிறது. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தால் முப்பத்திரண்டு வீடு தெரியும். வேலை கிடைத்ததும் நான் கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டேன். தங்கை செங்கம்மாளும் அவள் வீட்டுக்காரர் முருகவேலும் மலையிலேயே சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகள் மீனா. அரசாங்க உதவித்தொகை கிடைத்து, நீடித்த வளர்ச்சி என்று ஒரு படிப்பைப் படிக்க ஸ்வீடனுக்குப் போனாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை என்னால் எழுத முடியும், சொல்ல முடியாது. சொல்ல முயன்று ஒரு முறை பல்செட்டைக் கையில் பிடித்திருக்கிறேன்.

அது என்ன படிப்பு என்று செங்கம்மாள் கேட்டாள். இருப்பதை எல்லாம் இன்றைக்கே தின்று தீர்க்காமல் நாளைக்கும் வைப்பது எப்படி என்று சொல்லித்தருகிற படிப்பு என்று விளக்கினேன். அவள், மூன்றாவது உருண்டைக் களிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த முருகவேலை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப இவரத்தான் அனுப்பி இருக்கணும்" என்றாள்.

மீனா போன இடத்தில் குப்பைத்தொட்டி ஒன்றல்ல, ஏழு. ஏழுக்கும் ஏழு நிறம், ஏழு சட்டம். போன முதல் வாரம் டீ போட்டுவிட்டு, அந்த டீத்தூள் பையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிகளுக்கு முன்னால் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறாள். பை காகிதம், உள்ளே இருப்பது இலை, தொங்குவது நூல், நூலைப் பிடித்திருப்பது இரும்புப் பின். நாலையும் பிரித்து நாலு தொட்டியில் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால் டீ ஐஸ் கட்டியாகிக் கிடந்ததாம். ஆறிப்போயிருந்தது என்றுதான் அவள் சொன்னாள். குளிர்நாடு ஆயிற்றே என்று ஐஸ் கட்டியை நான் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் ஜனவரியில் வகுப்புப் பேராசிரியை இங்க்ரிட் அம்மா ஒரு போட்டி வைத்தார். வகுப்பில் பதினாலு பேர். ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி, நம் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போடுகிற அளவு. அறுபது நாளைக்கு, இனி இது எதற்கும் ஆகாது என்று எதைத் தூக்கிப்போட்டாலும் அந்த ஜாடியில்தான் போட வேண்டும். தோலும் கொட்டையும் எருவுக்குப் போய்விடும், அது கணக்கில் இல்லை. சட்டம் இரண்டே இரண்டு. உபயோகத்தில் இருக்கும்வரை ஒரு பொருள் குப்பை அல்ல. யார் கையால் அது குப்பை ஆயிற்றோ, குப்பை அவருடையது. அறுபதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டி முடியும். யாருடைய குப்பை எடை குறைவோ, அவர் சொல்கிற ஊருக்கு வகுப்பு மொத்தமும் கோடையில் போய் ஒரு மாதம் தங்கிப் படிக்கும்.

மீனா மனசில் ஒரே ஊர்தான் இருந்தது. ஒன்றரை வருஷமாக அவள் அம்மாவைப் போனில்தான் பார்க்கிறாள். படிப்பு முடியும்வரை நடுவில் வந்துபோக வழியில்லை. ஜெயித்தால் வகுப்போடு கிளம்பி நேரே வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். சாமை விதைப்பைப் பார்த்தது போலவும் ஆகும், அம்மா கையால் சாப்பிட்டது போலவும் ஆகும். தோற்றால் லார்ஸ் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். லார்ஸ் அவளோடு படிக்கிறவன், ஏழு அடி உயரம், போட்டியில் அவளுக்குச் சரிசமம். அவன் குறித்து வைத்திருந்தது வடகடலில் ஒரு தீவு. அங்கே பாறை உண்டு, பாறை மேல் பாசி உண்டு, பாசியை வேடிக்கை பார்க்க ஆறு ஆடு உண்டு. வேறொன்றும் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட மறுநாளே கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் தொடங்கி வெள்ளிமலைச் சந்தை வரைக்கும், வெளிநாட்டு ஆட்கள் நம் மலைக்கு வருகிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். என் சேதி புறப்படும்போது பதினாலு பேர். மலை ஏறுவதற்குள் நாற்பது பேர் ஆகிவிட்டார்கள்.

முப்பத்தைந்தாவது நாள் செங்கம்மாள் போனில் மகளைப் பார்த்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போச்சு என்று என்னிடம் அழுதாள். பார்சல் அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. மீனா வேண்டாம் என்று கெஞ்சினாள். அனுப்பியே தீருவீர்கள் என்றால் ஒரு துணியில் முடிந்து அனுப்புங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம் என்றாள். காரணத்தையும் சொன்னாள். சரி சரி என்றேன்.

துணியில் முடிந்து அனுப்புவதாம்! நான் கட்டிய பார்சல் ஒன்று உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு அடியில் விழுந்திருக்கிறது. டயர் போனது லாரிக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சாமான் அனுப்பினால் உள்ளே இருப்பது பண்டம், வெளியே இருப்பது மரியாதை. சீர்த்தட்டை மூடாமல் தூக்கிக்கொண்டு போவோமா? அதுவும் கடல் தாண்டிப் போகிற சீர். முடிச்சுத் துணியில் போனால் அந்த ஊர்க்காரன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?

இரண்டு கிலோ சாமை அரிசி, ஒரு டப்பா பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், செங்கம்மாள் சுட்ட சாமை முறுக்கு. முதலில் ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் கவர். அதன் மேல் செய்தித்தாள். அதன் மேல் காற்றுக்குமிழ் ஷீட். பிறகு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. பெட்டிக்கு மேல் பிரவுன் டேப்பு, ஆறு ரோல். அதற்கு மேல் யூரியா சாக்கு, வாயைக் கோணி ஊசியால் தைத்தது. கடைசியாகச் சணல் கயிறு, குறுக்கும் நெடுக்கும். ஆக ஏழு சுற்று. முடிச்சு விழுந்த பத்தொன்பது இடத்திலும் அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். முத்திரையை யாரும் கேட்கவில்லை, ஆனால் கை சும்மா இருக்குமா?

மலையிலிருந்து பண்டத்தைக் கொண்டுவந்த முருகவேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பொண்ணு இத பிரிக்கறதுக்குள்ள அது படிப்பே முடிஞ்சிடும் போல" என்றார்.

பார்சல் ஐம்பத்திரண்டாவது நாள் போய்ச் சேர்ந்தது. அதுவரை மீனாவின் ஜாடியில் தலைவலி மாத்திரை அட்டை ஒன்று, தீர்ந்த ரீஃபில் ஒன்று, ஆப்பிள் மேல் ஒட்டி வந்த ஸ்டிக்கர் சில. மொத்தம் எட்டு கிராம். லார்ஸின் ஜாடியில் ஒன்பது கிராம். மற்றவர்கள் எல்லாம் இருபதைத் தாண்டிவிட்டார்கள். அவன் நகம் வெட்டுவதையே நிறுத்திவிட்டான் என்று நான் சொல்லிவருகிறேன். ஒரு கிராமில் மீனா முன்னால் இருந்தாள். அந்த நேரத்தில்தான் நான் அனுப்பிய மலை அவள் அறைவாசலில் வந்து உட்கார்ந்தது. உடனே எனக்குப் போன் வந்தது.

"மாமா, எத்தினி ரோலு டேப்பு சுத்துனீங்க?"

"ஆறு. ஏழாவது கடையில இல்லடி."

"நான் உங்களுக்கு இன்னா சொன்னேன்?"

"துணியில முடிய சொன்ன. சாக்கும் ஒரு துணி மாதிரிதானே."

அவள் சாக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் கம்மி வந்தது.

"இத நான் பிரிச்சா தோத்தேன் மாமா. பிரிக்கலன்னா முறுக்கு எப்படி இருந்துச்சின்னு அம்மா கேட்டுக்கினே இருக்கும். நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

முப்பத்தோரு வருஷத்தில் என் பார்சலைப் பிரிக்க முடியாமல் அழுதவர்கள் உண்டு. பிரிக்கக் கூடாதே என்று அழுதவர்களை நான் பார்த்ததில்லை. எட்டே நாள்தானே, பிரிக்காமல் வை, உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

செங்கம்மாளை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மகளைக் கூப்பிட்டு முறுக்கைப் பற்றி விசாரித்தாள். மீனா இரண்டு நாள் சிக்னல் இல்லை என்று நழுவினாள். ஏழு சுற்றையும் மீறிப் பருப்புப்பொடி வாசனை வேறு மூன்று மாடிக்கும் பரவி, பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டி என்ன சமையல் என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் செங்கம்மாள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "எள்ளு பத்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாள். கேட்ட அந்தக் குரலுக்குப் பொய் சொல்ல மீனாவுக்கு வாய் வரவில்லை. இரும்மா, தின்னுட்டுச் சொல்றேன் என்று போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

கத்தி வளைந்தது. கத்தரிக்கோல் கைப்பிடி கழன்றது. சத்தம் கேட்டு லார்ஸ் வந்து பார்த்து, மரம் அறுக்கிற ரம்பத்தைக் கொண்டுவந்தான். இரண்டு மணி நேரம் அறுத்திருக்கிறார்கள். முதல் முறுக்கை மீனா அவனிடம் கொடுத்தாள். அவன் அதற்கு முன் அவ்வளவு கெட்டியான எதையும் கடித்ததில்லை போலிருக்கிறது. கடித்த சத்தத்தில் பனிச்சரிவு வந்துவிட்டதோ என்று கீழ்மாடியில் ஓடியிருக்கிறார்கள். எள்ளு பத்துச்சு என்று அன்று மாலை அம்மாவுக்குச் சேதி போனது.

மறுநாள் இங்க்ரிட் அம்மா வந்து குவியலைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். பிரித்த கை உன்னுடையது, ஆகவே குப்பையும் உன்னுடையது என்றார். ஆனால் இன்னும் நாலு நாள் இருக்கிறது, இதில் எதெதை உபயோகத்துக்குக் கொண்டுவருகிறாயோ அதெல்லாம் கணக்கில் வராது என்றும் சொன்னார்.

மீனா செங்கம்மாள் பெற்ற பெண். செங்கம்மாள் வீட்டில் கிழிந்த லுங்கி தலையணை உறையாகி, கரித்துணியாகி, விளக்குத் திரியாகித்தான் கண்ணை மூடும். அன்றே அட்டைப்பெட்டி செருப்பு அலமாரி ஆயிற்று. சணல் கயிறு, துணி காயப்போடுகிற கொடி ஆயிற்று. குமிழ் ஷீட்டும் செய்தித்தாளும் குளிர் வராமல் ஜன்னலை அடைத்தன. கவர்களைக் கழுவிக் காயவைத்து ரொட்டி சுற்றினாள். யூரியா சாக்கைத் தோள்பையாகத் தைத்து மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அதில் தமிழில் பெரிதாக அச்சடித்திருந்த யூரியா, நாற்பத்தைந்து கிலோ என்பது என்ன வாசகம் என்று நாலு பேர் கேட்டுத் தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்களாம்.

டேப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பானை அளவு உருண்டையாகி அறை நடுவில் கிடந்தது. ஜாடிக்குள் வைத்தால் ஜாடிதான் அதற்குள் போகும். மீனா ராத்திரி சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் ஒரு பிடி பிய்த்து உருட்டினாள். இறுக்கி இன்னொரு பிடி சுற்றினாள். சுவரில் எறிந்தாள். அது துள்ளிக் கைக்கே வந்தது.

மறுநாள் பல்கலைக்கழக முற்றத்தில், பனிக்கு நடுவே, ஐந்து டேப்புப் பந்துகளோடு கிரிக்கெட் தொடங்கிவிட்டது. மட்டைக்குப் படகுத் துடுப்பு, ஸ்டம்புக்கு மூன்று பனிச்சறுக்குக் கட்டை. சட்டம் எங்கள் மலைச் சட்டம். மட்டையைக் கொண்டுவந்தவர் அவுட் ஆகும்வரை ஆடுவார். துடுப்பைக் கொண்டுவந்த மீனா அவுட் ஆகவில்லை. லார்ஸ் மூன்று நாளும் ஓடி ஓடிப் பந்து பொறுக்கினான், ஒரு தரம்கூட அவன் கைக்கு மட்டை வரவில்லை. ஒரு பந்து பனியில் காணாமல் போனது. கிடைக்காவிட்டால் அது குப்பை என்பதால், பதினாலு பேரும் சாப்பாட்டுக் கரண்டியால் முற்றத்தைத் தோண்டினார்கள். கடைசியில் அது வேடிக்கை பார்க்க வந்த இங்க்ரிட் அம்மாவின் கோட்டுத் தொப்பிக்குள் இருந்தது.

அறுபதாம் நாள் வந்தது. அன்று மார்ச் வெயில் எட்டிப்பார்த்ததால், சூரியனைக் கும்பிடப் போவது போல எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மேசையும் தராசும் அங்கேயே போட்டார்கள். இங்க்ரிட் அம்மா பந்துகளை அழுத்திப் பார்த்து உபயோகத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். பெட்டி, சாக்கு, கயிறு, கவர் எல்லாம் தேறின. ஒன்று மட்டும் தேறவில்லை. என் அரக்கு முத்திரை. ரம்பத்தில் அறுபட்டுத் தூளாகி, தரையில் கூட்டி எடுத்தது, மூன்று கிராம். எட்டும் மூன்றும் பதினொன்று. லார்ஸ் ஒன்பது.

யாரும் கேட்காத முத்திரை. நான் ஆசைக்கு வைத்த முத்திரை. அதைச் சொல்லும்போது நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை.

எல்லோரும் லார்ஸுக்குக் கை தட்டினார்கள். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்குத்தான் இங்க்ரிட் அம்மா முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவார். மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு லார்ஸுக்குக் கை கொடுத்தாள். அவன் சங்கடப்பட்டு நெளிந்துவிட்டு, இனிமேலாவது ஒரே ஒரு பந்து நான் அடிக்கலாமா என்று கேட்டான். அவள் துடுப்பை நீட்டினாள். பாவம் பழக்கம் இல்லாதவன் என்று மெதுவாகவே போட்டாள்.

மூன்று நாள் பொறுக்கிய ஏக்கம் அவ்வளவும் அந்த ஒரு வீச்சில் இருந்தது. பந்து மேசைக்குப் போனது. வரிசையில் இருந்த ஜாடிகளில் ஒன்றின் மேல் போய் இறங்கியது. வெள்ளிமலையில் சொல்லும்போது பதினாலு ஜாடியும் உடைந்தது என்றுதான் சொல்கிறேன். உண்மையில் உடைந்தது ஒன்று. லார்ஸின் சொந்த ஜாடி.

அவன் மண்டி போட்டு ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கித் தராசில் வைத்தான். முன்னூற்று நாற்பது கிராம். என் கையால் ஆனது, என் குப்பை என்று அவனே சொன்னான்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பேன். மீனா என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் ஊரில் உடைந்த கண்ணாடி குப்பையே கிடையாது, காம்பவுண்டுச் சுவர் மேல் சிமென்ட்டில் பதித்துவிடுவோம், திருடன் ஏறமாட்டான் என்று இங்க்ரிட் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். என் மாமா வீட்டுச் சுவரில்கூட இருக்கிறது என்று அத்தாட்சி வேறு.

இங்க்ரிட் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். சரி, பன்னிரண்டு மணிக்குள் ஒரு சுவரில் பதித்துவிட்டால் அது உபயோகம்தான் என்றார். உடனே பதினாலு பேரும் சில்லுகளோடு சுவர் தேடி ஓடினார்கள். மீனாவும்தான் ஓடினாள். ஒரு வீட்டைச் சுற்றிப் பூச்செடி. அடுத்த வீட்டைச் சுற்றி முழங்கால் உயரக் குச்சிவேலி. அதற்கடுத்த வீட்டைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அந்த ஊரில் எவனும் யாருக்கும் பயந்து சுவர் வைத்துக்கொள்ளவில்லை. ஊர் எல்லை வரை ஓடிவிட்டு மூச்சு வாங்க நின்றபோது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

ஜூலையில் அத்தனை பேரும் வந்தார்கள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்களை வரவேற்றது நான் வைத்த ஃபிளெக்ஸ் பேனர். இருபது அடி நீளம், இங்க்ரிட் அம்மா சிரிக்கிற படம். மீனா அதைப் பார்த்து, "மாமா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். மறுநாள் காலை செங்கம்மாள் அதை இழுத்துக்கட்டி ஆட்டுப்பட்டிக்குக் கூரை போட்டுவிட்டாள். மழை பெய்தபோது ஆடுகள் எல்லாம் இங்க்ரிட் அம்மாவின் முகத்துக்குக் கீழே நனையாமல் நின்றன. அந்த அம்மா அதைப் பத்துப் படம் எடுத்துக்கொண்டார். செங்கம்மாள் மடியில் தலை வைத்து ஒரு பெண் பகல் முழுக்கத் தூங்கினாள், அதை யாரும் படம் எடுக்கவில்லை.

திரும்பிப் போகிற அன்று கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தார்கள். லார்ஸ் பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துப் பிரித்தான். உள்ளே அந்தக் கண்ணாடிச் சில்லுகள், முன்னூற்று நாற்பது கிராம், கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறான். நான் சிமென்ட் குழைத்துக் கொடுத்தேன். ஏணியும் வேண்டியிருக்கவில்லை, நின்றபடியே என் காம்பவுண்டுச் சுவர் மேல் ஒவ்வொன்றாகப் பதித்தான். முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து மீனாவிடம் ஏதோ சொன்னான். என்னவென்று கேட்டேன்.

"அவன் குப்பை இப்ப மறுபடியும் ஒம்போது கிராம் ஆயிடுச்சாம் மாமா. அவன்தான் ஜெயிச்சானாம். பாசி பாக்க நாம எப்ப வரோம்னு கேக்கறான்."

"வர்றோம்னு சொல்லுடி. வேற இன்னா வேணுமாம்?"

"அம்மா கிட்ட சாமை வாங்கிக்கினு வந்திருக்கான். அத நீங்கதான் பார்சல் கட்டித் தரணுமாம்."

மீனாவைப் பார்த்தேன். அவளுக்கு எதிரே ஒரு துணியை விரித்து, இதில் முடிந்தால் போதுமா என்று மரியாதையாகக் கேட்டேன். லார்ஸ் அவசரமாக வேண்டாம் என்று தலையை ஆட்டி, இரண்டு கையாலும் விரலை எண்ணிக் காட்டினான். ஆறு ரோல் டேப்பு. அங்கே இப்போது கிரிக்கெட் டீம் இருக்கிறதாம், பந்து எல்லாம் தீர்ந்துவிட்டதாம்.

நான் கடைக்குப் போனேன். இந்தத் தடவை ஏழாவது ரோலும் இருந்தது.